தேரிச் செம்மண், கரிசல், சிப்பிச் சுண்ணாம்பு: ராமநாதபுரம் கடற்கரையில் மண் வண்ணம் எடுக்க வரும் ஓவியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. தை முதல் பங்குனி வரை ஓவியர்கள் நான்கைந்து பேர் அங்கே வந்து தங்கி, சுற்றுவட்டார மண்ணிலிருந்து தாங்களே வண்ணம் எடுத்து வேலை செய்கிறார்கள். ரெசிடென்சி என்று அவர்கள் சொல்லும் இந்தத் தங்குமுகாமை நடத்துவோரில் நானும் ஒருவன். ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

மண் வண்ணம் என்பது மண்ணைக் கரைத்துப் பூசுவதுதானே?

அல்ல. மண்ணில் நிறமாக நிற்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடும் அதைச் சுமந்திருக்கும் நுண்களிமண்ணும்தான். மணல், வேர், சருகு, உப்பு ஆகியவை எல்லாம் கூடவே வந்த சுமை. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது என்பதால், வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வேலை கொடுக்கிறோம். தேரி என்னும் செம்மணல் மேட்டின் மணலை ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் விடாமல் தேய்க்கவேண்டும். விரலிடுக்கில் வழியும் நீர் செங்குழம்பாக இறங்குகிறது. கையில் மிஞ்சும் மணல் வெளிறிப்போகிறது. அந்தச் செக்கச்சிவந்த மேட்டின் சிவப்பெல்லாம் ஒவ்வொரு குவார்ட்ஸ் மணிக்கும் மேலே போர்த்தியிருந்த மெல்லிய தோல் மட்டும்தான். ஒரு கிலோ மணலைத் தேய்த்தால் ஒரு கைப்பிடிக்கும் குறைவான வண்ணமே கிடைக்கும். மூட்டை மூட்டையாக அள்ளிச் செல்லலாம் என்று வந்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சோர்ந்துபோவதுண்டு.

இந்தப் பகுதியில் என்னென்ன நிறங்கள் கிடைக்கும்?

சிவப்பு, தேரியிலிருந்து கிடைக்கும். பெரிய தேரிகள் தூத்துக்குடி மாவட்டத்தில், குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கம் இருக்கின்றன என்றாலும், சாயல்குடியைத் தாண்டி மேற்கே போகப்போக நம் பக்கத்திலும் செம்மணல் தென்படத் தொடங்கிவிடும். மங்கலான மஞ்சளும் பழுப்பும் கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ வெளிவரும் அடிமண்ணில் கிடைக்கும்; எங்கே தோண்டுகிறார்கள் என்று டீக்கடையில் காதைக் கொடுத்தால் தெரிந்துவிடும். கண்மாய் வண்டலில் சாம்பல் கலந்த பழுப்பு கிடைக்கும். வெள்ளைக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி.

கரிசல்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் மழை பெய்த மறுநாள் பார்த்தால் மை போல் கிடக்கும் மண், வண்ணமாக்கிக் காயவைத்தால் வெறும் சாம்பல் நிறமாகிவிடுகிறது. அதன் கருமை ஈரத்தில் தெரியும் கருமை. உலர்ந்தால் பாதி போய்விடும். போதாக்குறைக்கு, ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களி அதில் மிகுதி. கோடையில் நிலத்தில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே வெடிப்பு தாளின்மேல் தடிப்பாகப் பூசினாலும் வந்துவிடும். நீர்க்கப் பூசினால் மட்டும் அடங்கியிருக்கும். என் கண்ணுக்கு இந்த நிலத்தின் மிக அழகான நிறம் அந்த நீர்த்த கரிசல் சாம்பல்தான்; ஆனால் கறுப்பை எதிர்பார்த்து வந்தவரிடம் அதைச் சொன்னால் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்.

உண்மையான கறுப்புக்குச் சீமைக்கருவேலங்கரி இருக்கிறது. மாவட்டம் முழுவதும் கரிமூட்டம் போடுகிறார்கள். மூட்டம் பிரிக்கும் இடத்தில் உடைசல் கரி கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். கரித்தூள் தண்ணீரில் மிதந்து நனையாமல் அடம்பிடிக்கும். முதலில் சில சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைத்துக்கொள்ளவேண்டும்.

நீலமும் பச்சையும் இங்கே மண்ணில் இல்லை. நீலம் வேண்டுமென்றால் அவுரிக்குத்தான் போகவேண்டும். அது செடி, மண் அல்ல.

சாயவேர் இந்தக் கடற்கரைக்குப் பெயர்போனதாயிற்றே, அதைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அது வேறு வேலை. மணற்பாங்கான கரையில் வளரும் இம்பூறலின் வேர்தான் சாயவேர். துணிக்குச் சிவப்பேற்ற ஒரு காலத்தில் ராமேசுவரம், மன்னார்ப் பக்கங்களிலிருந்து பெருமளவில் சேகரிக்கப்பட்டது. அதன் சாயத்தைப் படிகாரம் சேர்த்துத் திரளவைத்தால் வண்ணத்தூளாகும். வெயில் படும் இடத்தில் தேரிச் சிவப்பு நிற்கிற அளவுக்கு அது நிற்காது.

நாட்டு மருந்துக்கடையில் காவிக்கல் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

நியாயமான கேள்வி. வரும்போது ஒரு துண்டு காவிக்கல் வாங்கிக்கொண்டே வாருங்கள் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். அதை உரைத்து ஒரு தாளில் பூசி, பக்கத்தில் தேரிச் சிவப்பைப் பூசிப் பார்த்தால், கண் எதைத் தேடவேண்டும் என்பது புரியும். காவிக்கல் அழுத்தமாகப் பேசும். தேரி கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, தாளின் வெண்மையை உள்ளே விட்டு நிற்கும். கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் மாறிமாறி அடிக்கும் பட்டைக்கும் கோலத்துக்குக் கட்டும் செம்மண் கரைக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

அதே கடையில் மனோசிலை, அரிதாரம், சாதிலிங்கம் ஆகியவையும் கிடைக்கக்கூடும். பழைய ஓவிய மரபில் இவற்றுக்கு இடம் உண்டு. முதல் இரண்டும் ஆர்செனிக், மூன்றாவது பாதரசம். முகாமுக்குள் இவற்றுக்கு அனுமதி இல்லை.

மண்ணை எங்கிருந்து எடுக்கலாம்? யாரிடம் கேட்கவேண்டும்?

யாருடைய நிலமோ அவரிடம் கேட்கவேண்டும். புறம்போக்கு, கண்மாய் என்றால் அரசின் அனுமதி வேண்டும். கண்மாய் வண்டல் எடுக்க வட்டாட்சியர் வழியாக விண்ணப்பிக்கும் முறை உழவர்களுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் இருக்கிறது. அப்படி அனுமதி பெற்று மண் எடுத்திருக்கும் வேளாரிடமோ சம்சாரியிடமோ ஒரு சட்டி மண் கேட்டு வாங்குவதுதான் எங்கள் வழக்கம். கண்மாய்க் கரையைச் சுரண்டவே கூடாது. ஒரு கூடை மண்தானே என்று நமக்குத் தோன்றும், அந்தக் கண்மாய் நீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரருக்கு அப்படித் தோன்றாது.

கடற்கரையில் மணல் எடுப்பதைக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் தடுக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கிருந்து ஒரு கல்லும் வரக்கூடாது. அழகன்குளம் போன்ற தொல்லியல் மேடுகளிலும் அப்படியே. தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் பக்கத்துத் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. எந்தத் தேரியிலாவது நகம் அளவில் கூர்மையான கல் துண்டு கண்ணில் பட்டால், படம் எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

புற்று மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கறையான் தன் வாயால் பொறுக்கிக் கட்டிய மண் என்பதால் கற்கள் இல்லாமல் நயமாக இருக்கும்; ஓவியருக்குப் பாதி வேலை முடிந்த மண். ஆனால் மஞ்சள் தடவியோ பால் ஊற்றியோ இருக்கும் புற்று கோயில். அடையாளம் ஒன்றும் இல்லாத புற்றையும் கேட்காமல் தொடவேண்டாம்.

அளவு: ஒரு ஆளுக்கு, எல்லா மண்ணும் சேர்த்து, 5 கிலோவுக்கு மேல் வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்பு நடத்தும்போது ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண்தான் வேலை தொடங்கலாம் என்பதற்கு ஊரின் சம்மதம். நாங்கள் மண் கேட்டுப் போகும்போது, பை எடுத்துவரவில்லையா என்று கேட்டு, நிலத்துக்காரரே குனிந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தது பலமுறை நடந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தின் மிச்சமாகத்தான் அது இருக்கவேண்டும்.

கடலோர மண்ணில் உப்பு இருக்குமே, அது வண்ணத்தைக் கெடுக்காதா?

கெடுக்கும். எனக்கே கெடுத்திருக்கிறது. முதல் ஆண்டு ஒரே கழுவலோடு திருப்திப்பட்டு, பெரிய தாள் ஒன்றில் சிவப்பை முழுக்கப் பூசி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டினேன். ஐப்பசி அடைமழை முடிந்து வெயில் அடித்த வாரம், சிவப்பின்மேல் பனி விழுந்தாற்போல வெள்ளை பூத்திருந்தது. தூரிகையால் தட்டிவிட்டால் உதிரும். அடுத்த ஈரத்தில் மீண்டும் பூக்கும். அந்தத் தாள் இப்போது வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகக் கதவின் பின்புறம் தொங்குகிறது.

உப்பு இன்னொரு வேடிக்கையும் செய்யும். உப்புள்ள நீரில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கனத்து, சீக்கிரம் அடியில் உட்கார்ந்துவிடும். அதனால் முதல் கழுவலில் ஒரு மணி நேரத்திலேயே மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். எவ்வளவு சுத்தமான மண் என்று மகிழ்ந்துபோவோம். இரண்டாவது, மூன்றாவது கழுவலில் உப்பு நீங்க நீங்கத் துகள்கள் பிரிந்து, இரவு முழுவதும் வைத்தாலும் தெளியாமல் கலங்கியே நிற்கும். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது வந்து சொல்வார்கள். தவறு ஒன்றுமில்லை, உப்பு போய்விட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. அந்த நிலையில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டால் வண்டல் படிந்துவிடும். கலங்கிய குடிநீரைத் தெளியவைக்க நம் வீடுகளில் செய்ததுதான். படிகாரமும் இதைச் செய்யும் என்றாலும், உப்பைப் போக்கிவிட்டு இன்னோர் உப்பைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உப்பு போயிற்றா என்று பார்க்க, கடைசிக் கழுவல் நீரில் ஒரு சொட்டையும், கழுவப் பயன்படுத்திய நல்ல தண்ணீரில் ஒரு சொட்டையும் ஒரே கண்ணாடித் துண்டில் பக்கம் பக்கமாக விட்டு வெயிலில் காயவையுங்கள். இரண்டு வளையமும் ஒன்றுபோல் இருந்தால் போதும்.

இவ்வளவு கழுவினால் தண்ணீருக்கு எங்கே போவது?

இதுதான் முகாமின் மிகக் கடினமான கேள்வி. இங்கே ஆழ்துளைக் கிணற்றில் வருவது சவர்த்தண்ணீர். நல்ல தண்ணீர் குழாயில் வரும் நாளில் வரும். வராத நாளில் குடம் கணக்கில் விலைக்கு வாங்கவேண்டும், இல்லையென்றால் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊற்றுக்குப் போய்ச் சிரட்டையால் மொண்டு நிரப்பிவரவேண்டும். அப்படி நிரம்பிய ஒரு குடத்தை மண் கழுவக் கவிழ்ப்பதைப் பார்த்தால் ஊருக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும்.

எனவே முதல் இரண்டு கழுவலும் சவர்த்தண்ணீரில்தான். கடைசிக் கழுவல்களுக்கு மட்டும் நல்ல தண்ணீர், அதுவும் ஓட்டுச்சாய்ப்பிலிருந்து தொட்டியில் பிடித்து வைத்த மழைநீர். ஒரு ஆளுக்கு மூன்று வாரத்துக்கு நான்கு குடம். அதற்குள் எத்தனை நிறம் எடுக்க முடியுமோ அத்தனைதான். ஒரு குடத்துக்கு மேல் தேவைப்படாமல் இரண்டு சிவப்பும் ஒரு மஞ்சளும் எடுத்துப் போனவர்கள் உண்டு.

செய்முறையைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்ல முடியுமா?

மண்ணை நிழலில் உலர்த்தி, வேரும் கல்லும் பொறுக்கி, கட்டியை உடைத்து, ஒரு வாளி நீரில் இரவு முழுவதும் ஊறவிடவேண்டும். காலையில் கையால் பிசைந்து கரைத்து, மாவுச் சல்லடையில் வடிக்கலாம். பிறகு கலக்கிவிட்டுக் காத்திருப்பதுதான் வேலையே. 10 செ.மீ. ஆழமுள்ள நீரில், 20 மைக்ரானுக்கு மேற்பட்ட மணலும் பருவண்டலும் 4 அல்லது 5 நிமிடத்தில் அடியில் இறங்கிவிடும். 2 மைக்ரான் அளவுள்ள களித்துகள் அதே ஆழத்தைக் கடக்க 6 முதல் 8 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே கலக்கி 5 நிமிடம் விட்டு, மேலே நிற்கும் நிறநீரை அடிமணல் அசையாமல் வேறு பாத்திரத்துக்குச் சாய்த்துவிட்டால், நயமான வண்ணம் அதோடு வந்துவிடும். இதையே இரண்டு மூன்று முறை செய்து, படியவிட்டு, தெளிந்த நீரை இறுத்து, சேற்றைத் தட்டில் ஊற்றி உலர்த்தவேண்டும். காய்ந்த பத்தையைக் கல்வத்திலோ அம்மியிலோ நீர்விட்டு அரைக்கலாம். சித்த மருத்துவர் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வதுபோல மெல்லிய மல் துணியில் சலித்தெடுப்பவர்களும் உண்டு. வண்ணம் அரைத்த அம்மி சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

உலர்ந்த நிலையில் இடிப்பதையும் சலிப்பதையும் முகக்கவசம் இல்லாமல் செய்ய விடமாட்டோம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

மஞ்சள் மண்ணைச் சுட்டுச் சிவப்பாக்கலாமாமே?

ஆக்கலாம். மஞ்சள் மண்ணிலுள்ள இரும்பு நீரோடு சேர்ந்த நிலையில் இருக்கிறது. 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் அந்த நீர் விலகி ஹேமடைட் என்னும் சிவப்பு ஆக்சைடாக மாறும். கரி அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லை வைத்துப் பொடியைக் கிளறிக்கொண்டிருந்தாலே போதும். சூட்டோடு பார்க்கும்போது கருஞ்சிவப்பாகத் தெரியும், ஆறினால்தான் உண்மையான நிறம் தெரியும். ஆகவே நடுநடுவே ஒரு சிட்டிகை எடுத்துத் தனியே ஆறவைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரே மஞ்சளிலிருந்து எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ஐந்தாறு நிறம் கிடைக்கும். கரிசலையும் இப்படிச் சுட்டுப் பாருங்கள். செங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

காற்றில்லாமல் சுட்டால் இதே இரும்பு கறுக்கும். வைகை கடலில் சேரும் இடத்தருகே அழகன்குளத்தில் அகழ்ந்தெடுத்த கறுப்பு-சிவப்புப் பானையோடுகளை ராமநாதபுரம் வரும்போது பார்க்க வாய்த்தால், ஒரே பானையில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும் ஓடும் கோட்டைக் கவனியுங்கள். சூளைக்காரன் காற்றை எங்கே விட்டான், எங்கே மறித்தான் என்பதன் வரைபடம் அது.

வண்ணத்தூளை எதில் குழைப்பது?

கருவேலம் பிசின், அல்லது வேப்பம் பிசின். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து இரவு ஊறவைத்து, துணியில் வடித்து, இரண்டு கிராம்பு போட்டுவைத்தால் சில நாள் கெடாது. தூளும் பிசின்நீரும் ஏறத்தாழச் சம அளவு என்று தொடங்கி, பூசிக் காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பாருங்கள்: விரலில் ஒட்டினால் பிசின் போதாது, பளபளத்து வெடித்தால் மிகுதி. புத்தகங்கள் தேன் சேர்க்கச் சொல்லும். இந்தக் கடற்காற்றில் தேன் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும்; அடுக்கிவைத்த தாள்கள் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் ஒரு சொட்டோடு நிறுத்துகிறோம். முருங்கைப் பிசின் கரையாமல் ஊதிக்கொண்டு நிற்கும், அதை நம்பவேண்டாம்.

சுவரில் தீட்டலாமா?

இரும்பு ஆக்சைடு சுண்ணாம்பின் காரத்துக்கு அசையாது என்பதால் மண் வண்ணம் சுவருக்கு மிகவும் ஏற்றது. மஞ்சள்தூளைச் சுண்ணாம்பில் போட்டால் சிவந்துவிடுவது எல்லா வீட்டிலும் தெரிந்ததே. தேரிச் சிவப்புக்கு அப்படி ஒன்றும் ஆகாது. நீற்றிய சிப்பிச் சுண்ணாம்பை நீரில் மூழ்கிய நிலையில் பல வாரங்கள் புளிக்கவிட்டு, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்து அரைத்துப் பூசுவது நம் கொத்தனார்கள் அறிந்த முறை. ஆனால் சாந்துக்கான மணலிலோ நீரிலோ உப்பு இருந்தால், நான் மேலே சொன்ன கதை சுவரிலும் நடக்கும். சுவர் பொரிந்து ஓவியத்தோடு உதிரும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குப் போய்வரவேண்டும் என்பது எங்கள் கட்டாயம். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். சுவரோவியங்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை, முத்து விஜயரகுநாத சேதுபதியின் முடிசூட்டும் தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும் அவற்றில் உண்டு. காட்சிகளைப் பார்த்து முடித்தபின், சுவரின் கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியையும் ஒப்பிட்டு, ஈரம் ஏறிய இடத்தில் என்ன ஆகியிருக்கிறது என்று பாருங்கள்.

வெள்ளைக்குப் பவளக்கல்லைப் பொடித்துக்கொள்ளலாமா?

கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய துண்டையும் எடுக்கவேண்டாம். சுண்ணாம்பு கடையில் கிடைக்கிறது.

எப்போது வரலாம்? என்ன கொண்டுவரவேண்டும்?

தையும் மாசியும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, எதுவும் காயாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று. ஒருமுறை மூன்று நாள் உழைப்பில் எடுத்த மஞ்சளைத் தட்டோடு மொட்டைமாடியில் வைத்துவிட்டுச் சாப்பிட இறங்கினோம். ஏறிப்போனபோது தட்டு மட்டும் இருந்தது. அதன்பிறகு அந்த மாதங்களில் முகாம் நடத்துவதில்லை.

தாள், தூரிகை, இரண்டு பருத்தித்துணி, மூடியுள்ள சிறு டப்பாக்கள் போதும். மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடிப் பேருந்து. மூன்று வேளையும் ஊர்ச் சாப்பாடு, மீன் பெரும்பாலும் இருக்கும்.

எடுத்த வண்ணத்தை ஊருக்குக் கொண்டுபோகலாமா? மிச்ச மண்ணை என்ன செய்வது?

வண்ணத்தைக் கொண்டுபோகலாம், உலர்ந்த தூளாக, ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஊர், நாள், எவ்வளவு ஆழத்து மண், யார் நிலம் என்று எழுதி. அதே பொட்டலத்தில் ஒரு பாதி இங்கே அலமாரியில் இருக்கும். கழுவாத மிச்ச மண் எடுத்த இடத்துக்கே திரும்பும். நிறம் போக வெளுத்து மிஞ்சும் தேரிமணலைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தோம். உப்பும் களியும் நீங்கிய மணல் என்பதால், பானைக்களிமண்ணில் கலந்து மிதிக்க அது நன்றாக இருக்கிறதென்று பக்கத்து ஊர் வேளார் இப்போது முகாம் முடியும் வாரத்தில் சைக்கிளில் சாக்கோடு வந்துவிடுகிறார்.